கேட் போட்டிருக்கிறது

நீடாமங்கலத்தில் எங்கள் மன்றத்து நாடகத்துக்கு
வருகிறவர்களில் பாதிப் பேர்
நாடகத்துக்கு வந்தவர்கள் அல்ல.
ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள், அதனால் வந்தவர்கள்.
பஸ் இன்ஜின் அணைந்ததும் இறங்கி,
சோம்பல் முறித்து, சுண்டல் வாங்கி,
நெல் கொள்முதல் களத்தில் வெளிச்சம் கண்டு
வேலியோரம் நிற்பார்கள்.
அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.
போன வருஷம் இருநூற்றுப் பத்து பேர் என்று
மினிட் புத்தகத்தில் இருப்பது அப்படித்தான்.

இந்தத் தடவை ‘ஒன்பதாம் மதகு’.
பதினோரு பாட்டு. எழுதியது உரக்கடைக் கலியமூர்த்தி,
யூரியா ரசீதுகளின் முதுகில்.
மெட்டு ஜெய்லானி. கூத்தாநல்லூரிலிருந்து
மகன் ஓட்டும் ஸ்கூட்டியில் கீபோர்டை
தூங்குகிற பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வருவார்.
லஸ்கர் வேஷம் உத்திராபதிக்கு.
மின்வாரியத்தில் லைன்மேன்;
நடுவில் கரண்ட் போனால்
ஒட்டு மீசையோடு கம்பம் ஏற வேண்டியவரும் அவர்தான்.

நான் ஆறு.
சரியாகச் சொன்னால் ஆற்றின் இடது முனை.
பதினெட்டு முழம் நீல நைலான்.
வலது முனையில் சத்துணவுக்கூடம் பிலோமினா.
இரண்டு மணி நேரம் குனிந்தபடியே அலையடிக்க வேண்டும்.
ஆறு ஒரு வரி பாடக் கூடாதா என்று
முதல் வாரமே கேட்டேன்.
“ஒனக்கு சுருதி நிக்காது தையலு” என்றார் கலியமூர்த்தி,
“ஆத்துக்கு அது வேணாம்.”
உண்மைதான்.
இருந்தாலும் இரண்டு நாள் ஒத்திகைக்குப் போகவில்லை.

நெல் தூற்றிய களம். சுணை தொண்டையில் ஏறி
காதல் பாட்டில் எல்லோருக்கும்
ஒரே இடத்தில் இருமல்.
ஜெய்லானி திட்டவில்லை.
அந்த இடத்தில் நாலு அட்சரம் சும்மா விட்டுவைத்தார்.
இப்போது இருமல் வராவிட்டால்தான் தாளம் தப்புகிறது.

அன்றைக்குக் கூட்ஸ் வண்டிக்காக
நாற்பது நிமிஷம் கேட் திறக்கவில்லை.
மூன்று பஸ், ஒரு கல்யாண வேன்,
ஹெட்லைட்டை அணைக்க மறந்த அறுவடை மெஷின்.
அந்த வெளிச்சத்தில் என் ஆறு முதன்முதலாக
நைலான் மாதிரி இல்லை.

எட்டாம் பாட்டு.
மதகுச் சாவியோடு உத்திராபதி நடுராத்திரியில் நிற்கிறார்.
மேலே திருப்பினால் மாமனார் வயல்,
கீழே விட்டால் கடைமடை.
பாட்டு உச்சிக்குப் போகிற நேரம்
கூட்ஸ் போய் முடிந்தது. கேட் தூக்கினார்கள்.
விசில். வேலியோரம் காலி.
சுண்டல் பொட்டலத்தோடு ஓடினார்கள்.

திருத்துறைப்பூண்டி பஸ் நகர்கிறபோது
ஜன்னலிலிருந்து ஒரு பொம்பளை,
மேடையில் வேறு யாரையும் விட்டுவிட்டு
என்னைப் பார்த்துக் கத்தினாள்:
“ஏ ஆறு! கடைசில எங்களுக்குத் தண்ணி வருதா?”

கதையில் வராது.
கடைசிப் பாட்டில் சாவியை ஆற்றில் எறிந்துவிட்டு
லஸ்கர் ஊரைவிட்டுப் போகிறார்.
எனக்கு அது தெரியும். அறுபது ஒத்திகை.
நிமிர்ந்தேன்.
“வரும்க்கா!” என்றேன்,
எந்தச் சுருதியிலும் சேராமல்,
“வரும், வரும், போங்க!”

ஜெய்லானி கை நின்றது.
பிலோமினா மட்டும் தன் முனையில்
விடாமல் அலையடித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எழுதியபடியேதான் நடந்தது.
சாவியை எறிந்தார் உத்திராபதி.
ஏதோ பழைய ஷட்டர் சாவி, நிஜ இரும்பு;
என் துணியில் விழுந்தபோது
மணிக்கட்டு வரைக்கும் கனத்தது.
மிச்சமிருந்த எழுபது பேர் கைதட்டினார்கள்.
மன்னார்குடி தாண்டி இருட்டில் போய்க்கொண்டிருந்த
ஒரு பஸ்ஸுக்கு மட்டும் கதை வேறு.

மறுவாரம் மினிட் புத்தகத்தில்:
வருகை, முந்நூற்று நாற்பது.
சுண்டல்காரருக்குப் பாக்கி இல்லை.
எட்டாம் பாட்டில் ஆறு பேசியது.
இனி முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் பேச வேண்டும்.